புகை போகும் வழி

மோட்டார் வாகனத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனுள்ளே செல்வதைப் பற்றியே பேசுவர். பெற்றோலின் விலை என்ன, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், எந்த எண்ணெய் நல்லது என்பனவே அவர்தம் உரையாடலின் பொருள்களாகும். உள்ளே சென்றது எரிந்தபின் எவ்வாறு வெளியேறுகின்றது என்பது பற்றி எவரும் கவலைகொள்வதில்லை. வாகனத்தின் பின்புறத்தே கிடந்து துருப்பிடிக்கும் ஒரு குழாய், அது பொத்தலானால் ஒட்டவைக்க வேண்டியது, அவ்வளவே. ஆயின், உள்ளே வந்த காற்று வெளியேறினாலன்றிப் புதிய காற்று உள்ளே வர இடமில்லை. மூச்சை உள்ளிழுப்பது எத்துணை முக்கியமோ, அதனை விடுவதும் அத்துணை முக்கியமாகும். இந்தச் சிறிய உண்மையை முன்னிட்டு, வலிகாமத்துக் கிராமமொன்றில், ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாத காலம் விவாதமொன்று நிகழ்ந்தது.

தந்தை ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மகன் யாழ்ப்பாண நகரில் வங்கியொன்றிலே பணிபுரிபவன். அவ்விருவருக்கும் பொதுவான உடைமையாக, கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் நின்றது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரால் வடிவமைக்கப்பட்டு, 1948இல் இலண்டனிலே அறிமுகமாகி, 1971 வரை பிரித்தானியாவில் உற்பத்தி செய்யப்பட்ட கார் இது. பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டியதும் இதுவே. குடாநாட்டின் ஒழுங்கைகளில் இதுவும் ஒஸ்ரின் கார்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடின. இன்றும் சில ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் கார்கள் நாட்டுக்குள் வரவியலாதிருந்த காலத்தில், பழைய கார்களைக் கைவிட எண்ணியிருந்தோரும் அவற்றைத் தூசுதட்டி எடுத்தனர். மகனும் அவ்வாறே எடுத்தான். எடுத்ததோடு நில்லாமல், அதனைச் சற்றுத் திருத்தவும் விரும்பினான்.

அவன் திருத்த விரும்பிய உறுப்பினை ஊர்க் கராஜ்களில் மனிபோல்ட் என்பர். மைனரின் இயந்திரம் நான்கு சிலிண்டர்களைக் கொண்டது. 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 37 குதிரைவலுவும் உடையது. அதன் தலைப்பகுதியில் நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே புகைவாய்கள் இல்லை. முதலாவதற்கு ஒன்று, நான்காவதற்கு ஒன்று, நடுவிலுள்ள இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பொதுவாக ஒன்று என மூன்றே வாய்கள் உள்ளன. இம்மூன்றிலிருந்தும் வரும் புகையைக் கனத்த வார்ப்பிரும்புக் கூடொன்று ஏந்தி, குறுகிய தூரத்துக்குள்ளேயே ஒன்றாக்கி, ஒரே குழாயில் இறக்கிவிடுகின்றது. காபரேற்றரிலிருந்து எரிபொருட் கலவையை உள்ளே கொண்டுசெல்லும் வழியும் அந்த இரும்போடு ஒட்டியே அமைந்திருக்கும். மலிவானது, உறுதியானது, உடையாதது. ஆனால், புகையின் போக்கைப் பற்றி அது அதிகம் சிந்திப்பதில்லை.

மகன் சிந்தித்தான். இயந்திரத்தின் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கிலே எரிகின்றன. எனவே ஒரு முறை ஓரத்துச் சிலிண்டரொன்று புகையை உமிழ, அடுத்த முறை நடுச் சிலிண்டரொன்று உமிழ்கின்றது; இவ்வாறு ஒன்றுவிட்டு ஒன்றாக அது நிகழும். புகை ஆற்றுநீர் போல இடையறாது ஓடுவதன்று. துடிப்புத் துடிப்பாகப் பாய்வது. ஒரு துடிப்புக் குழாய்வழியே விரைந்து செல்லும்போது தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவொன்றை விட்டுச் செல்கின்றது. குழாய் உரிய நீளமுடையதாயின், அந்த அழுத்தக் குறைவு அடுத்து வரும் புகையை இழுத்தெடுக்க உதவும். குழாய் குறுகி, எல்லாம் ஓரிடத்தே முட்டிக்கொள்ளுமாயின், ஒன்றின் துடிப்பு மற்றொன்றின் வழியை மறிக்கும். ஆகவே ஓரத்து இரண்டு வாய்களையும் ஒரு கிளையாக இணைத்து, நடுவாய்க்குத் தனியே நீண்ட குழாயொன்றை வைத்து, இரண்டையும் காரின் அடியிலே வெகுதூரம் தள்ளிச் சேர்ப்பது இந்த இயந்திர வகைக்கு ஏற்றதென நெடுங்காலமாகவே அறியப்பட்டுள்ளது. உருக்குக் குழாய்களை வளைத்து ஒட்டிச் செய்யப்படும் இதனையே ஹெடர் என்பர். இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டு, கொழும்பிலே ஒருவரின் களஞ்சியத்தில் கிடந்த ஹெடரொன்றை, அதற்குரிய தனி உள்வழிக் குழாயோடு, மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்து மகன் வாங்கிவந்தான்.

தந்தை அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைவுகளின் ஒழுங்கு அவரைக் கவர்ந்தது என்றே சொல்லவேண்டும். கணித ஆசிரியர் அல்லவா? எனினும் அவர் கேட்டது வேறு.

"சத்தம் கூடினால் பலம் கூடும் எண்டு ஆர் தம்பி சொன்னது?"

"சத்தத்துக்காக இல்லை அப்பா. புகை லேசாப் போனால் எஞ்சின் லேசா இழுக்கும். சைலன்சர் பழையதுதான் இருக்கப்போகுது."

இவ்விடை தந்தையின் ஐயத்தை ஓரளவு நீக்கியது. சைலன்சரைக் கழற்றியெறிந்துவிட்டு நள்ளிரவில் ஊரையெழுப்பும் மோட்டார் சைக்கிள்களை அவர் நாள்தோறும் கேட்பவர். சத்தத்தை வலிமையென மயங்கும் இனத்தைத் தம் மகன் சேர்ந்தவனல்லன் என்பது அவருக்கு ஆறுதலளித்தது. ஆயினும் அவருடைய மறுப்பு அங்கே முடியவில்லை. அது வார்ப்பிரும்பைப் பற்றியதாயிருந்தது. அதற்குக் காரணமான காலத்தை மகன் கண்டவனல்லன், கேட்டறிந்தவன் மாத்திரமே.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்த சிறிதளவும் போத்தல் கணக்கிலே, எட்டாத விலைக்கு விற்கப்பட்டது. மக்கள் மண்ணெண்ணெய்யில் கார் ஓட்டப் பழகினர். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்குவர். அது நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதன்று. ஆவியாகாத துளிகள் சிலிண்டரின் சுவர்வழியே வழிந்து அடியிலுள்ள எண்ணெய்யை நீர்த்துப்போகச் செய்யும். வெண்புகை கண்ணைக் கரிக்கும். இயந்திரம் உள்ளே தட்டும். புதிய இயந்திரங்களாயின் இதனைத் தாங்கமாட்டா. அமுக்கம் குறைந்த பழைய ஒஸ்ரினும் மொறிசும் முனகிக்கொண்டேனும் தாங்கின.

அவை தாங்கியமைக்கு அந்த வார்ப்பிரும்புக் கூடும் ஒரு காரணமென்பதே தந்தையின் வாதம். வெளியேறும் புகையின் வெப்பம், ஒட்டியிருக்கும் உள்வழியைச் சுடவைக்கின்றது. அதன்வழியே செல்லும் மண்ணெண்ணெய் அச்சூட்டில் ஆவியாகின்றது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கெனவே செய்யப்பட்ட பழைய உழவு இயந்திரங்களிலும் இத்தகைய வெப்ப அமைப்பே இருந்தது. மகன் எதனைத் தடையெனக் கருதினானோ அதுவே தந்தையின் நோக்கில் அடுப்பாக இருந்தது. கழிவாய்ப் போகும் சூட்டைக்கொண்டு, எரிய மறுத்ததை எரியவைத்த அடுப்பு.

அவ்வடுப்பின் துணையோடுதான் 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு அந்தக் கார் வீட்டைவிட்டு வெளிக்கிட்டது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவு அது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மனிதர்கள் தோளோடு தோள் உரசி நின்றனர். சில மைல் தூரத்தைக் கடக்க ஓரிரவு முழுவதும் போதாதிருந்தது. காரின் பின்னிருக்கையில் நடக்கவியலாத பாட்டி. அவர் மடியிலே அயலவரின் இரண்டு குழந்தைகள். கூரையின்மீது பாய்களும் பானைகளும். மண்ணெண்ணெய்யில் ஓடும் இயந்திரத்தை நிறுத்தினால், அது ஆறியபின் மீண்டும் இயக்கப் பெற்றோல் வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரு சிறு மருந்துப் போத்தல் அளவே. ஆகவே அவர் நிறுத்தவில்லை. மழையில், அடி அடியாக, கொதிக்கும் றேடியேற்றருக்கு வாய்க்கால் நீரை வார்த்து வார்த்து, சாவகச்சேரி வரை அதனை ஓட்டிச் சென்றார். பாட்டி அங்கிருந்து திரும்பவில்லை, கார் திரும்பிவந்தது.

இதனையெல்லாம் தந்தை ஒருநாளும் தொடர்ச்சியாகச் சொன்னதில்லை. விவாதத்தின் இடையிடையே, ஸ்பனரை எடுத்துக் கொடுக்கும்போதோ தேநீர் குடிக்கும்போதோ, துண்டு துண்டாக வந்தவை அவை. 2022இல் எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டதையும், பின்னர் கியூஆர் குறியீட்டின்படி காருக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என அளந்து தரப்பட்டதையும், மண்ணெண்ணெய் கூடக் கிடையாமல் மீனவர்கள் கரையில் நின்றதையும் மகனும் கண்டிருந்தான். ஆகவே, "அந்தக் காலம் இனி வராது" என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. மாறாக அவன் சொன்னது இதுதான்: "கழற்றினதைத் திரும்பப் பூட்டலாம் அப்பா. ஒண்டையும் வெட்டப்போறதில்லை." தந்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். "அப்ப சரி. ஆனால் இரும்புக்காரனுக்குக் குடுக்கக்கூடாது" என்றார்.

வேலை ஒரு சனிக்கிழமை தொடங்கியது. சில்லுகளுக்குக் கட்டை கொடுக்கப்பட்டது. ஜாக்கியால் உயர்த்திய காரைக் கற்களின் மீதோ பனங்குற்றியின் மீதோ நிறுத்துவது எங்கள் ஊர்களில் சாதாரண வழக்கம். அதனால் உயிரிழந்தோரும் உளர். மகன் உருக்குத் தாங்கிகளை வாடகைக்கு எடுத்திருந்தான். பற்றரியின் இணைப்புக் கழற்றப்பட்டது. காற்றுவடி, எரிபொருட் குழாய், வேகத்தை ஆளும் கம்பிகள், காபரேற்றர் என்பன வரிசையாகக் கழன்று, பழைய செய்தித்தாளின்மீது, கழற்றிய ஒழுங்கிலேயே வைக்கப்பட்டன. ஒழுங்கு தந்தையின் கட்டளை.

மனிபோல்டைத் தலைப்பகுதியோடு பிணைத்திருந்த ஆறு நட்டுகளுமே உண்மையான சோதனை. அறுபது ஆண்டுக் காலச் சூடும் குளிர்ச்சியும் அவற்றை இரும்போடு இரும்பாக்கியிருந்தன. பலத்தைப் பிரயோகித்தால் ஸ்ரட் முறியும். முறிந்தால் தலையைக் கழற்றித் துளைத்தெடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை ஒரு மாத வேலையாகும். இதனை அறிந்தே தந்தை இரு நாள்களுக்கு முன்பிருந்தே காலையும் மாலையும் அவற்றுக்கு எண்ணெய் விட்டுவந்தார். யாருக்கும் சொல்லாமல் விட்டுவந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்பனரை முதலிலே இறுக்கும் பக்கமாக மயிரிழை அசைத்து, பின்பு தளர்த்தும் பக்கமாக அசைத்து, மீண்டும் எண்ணெய் விட்டு, மீண்டும் அசைத்து, ஐந்து நட்டுகள் வந்தன. ஆறாவது வர மறுத்தது. மகன் நீண்ட குழாயொன்றை ஸ்பனரிலே செருகப்போனான். தந்தை கையைப் பிடித்தார். "நாளைக்குப் பாப்பம்." மறுநாட் காலை அது சிணுங்கிக்கொண்டு கழன்றது.

வார்ப்பிரும்புக் கூடு வெளியே வந்தபோது இருவரும் அதன் கனத்தை உணர்ந்தனர். இயந்திரத்தின் திறந்த வாய்களுக்குள் தூசு புகாதவாறு துணி அடைக்கப்பட்டது. பழைய கஸ்கற்றின் கரிந்த துணுக்குகள் பொறுமையாகச் சுரண்டப்பட்டன. பின்னர் ஹெடரை வைத்துப் பார்த்தபோது எதிர்பாராத சிக்கலொன்று தோன்றியது. இவ்வியந்திரத்தில் ஹெடரின் விளிம்பும் உள்வழிக் குழாயின் விளிம்பும் அருகருகே அமைய, பெரிய வாசரொன்று இரண்டையும் ஒருங்கே அழுத்திப் பிடிக்கவேண்டும். இரண்டு விளிம்புகளும் ஒரே தடிப்புடையனவாயிருந்தால் மாத்திரமே அப்பிடி சமமாகும். ஹெடரின் விளிம்போ சற்று மெல்லியது. அப்படியே இறுக்கினால் வாசர் சாய்ந்து, ஒன்று இறுகும், மற்றது கசியும். தடித்ததை அராவுவதா, மெல்லியதற்கு அணைகொடுப்பதா என்ற கேள்விக்குத் தந்தை பென்சிலும் தாளும் எடுத்தார். ஊர்க் கடைசற்காரரிடம் படிவைத்த வாசர்கள் கடைவித்து, ஒரு பக்கம் உயரமாகவும் மறு பக்கம் தாழ்வாகவும் அமைத்துப் பொருத்தினர். அதுவரை "உன்ரை வேலை" என்று பேசிவந்தவர், அன்று மாலை முதல் "எங்கடை வேலை" என்று பேசத் தொடங்கினார்.

எல்லாம் பூட்டி முடிந்தபோது இருட்டிவிட்டது. மழையும் தூறத் தொடங்கியது. கொட்டிலுக்குள்ளேயே இயந்திரத்தை இயக்கிப் பார்க்க மகன் முற்பட்டான். மூன்று பக்கமும் அடைப்பும், நான்காவது பக்கம் மழைக்காகத் தொங்கவிட்ட படங்கும் கொண்ட கொட்டில் அது. தந்தை உறுதியாக மறுத்தார். புதிய இணைப்புகள் கசிகின்றனவா என்று அறியாத நிலையில், அந்தப் புகை எங்கே போகும்? பெற்றோல் எரிவதால் உண்டாகும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலே ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பற்றிக்கொள்கின்றது. தலைவலியும் மயக்கமும் தந்து, எழுந்து போகும் ஆற்றலையே முதலில் பறிக்கின்றது. அடைத்த இடத்திலே இயங்கும் இயந்திரம் மனிதனைக் கொல்ல நீண்ட நேரம் வேண்டியதில்லை. கார் முற்றத்துக்குத் தள்ளப்பட்டது. தந்தை குடை பிடிக்க, மகன் இயக்கினான்.

முதலில் புதுப்பூச்சும் கைபட்ட எண்ணெய்யும் எரிந்து புகைந்தன. பின்னர் மெல்லிய டிக் டிக் ஒலியொன்று கேட்டது. ஓரத்து இணைப்பில் கசிவு. இயந்திரத்தை ஆறவிட்டு நட்டுகளை மீண்டும் இறுக்கினர். சூடேறி ஆறிய பின்னர் ஒருமுறை இறுக்கவேண்டும் என்பது இவ்வேலையின் விதி. அதன்பின் காபரேற்றர் செப்பஞ்செய்யப்பட்டது. புகை எளிதாகப் போனால் காற்று அதிகம் வரும். காற்று அதிகமானால் எரிபொருளும் அதற்கேற்பக் கூடவேண்டும். எஸ்யு காபரேற்றரின் உள்ளிருக்கும் பிஸ்ரனை மயிரிழை உயர்த்தும்போது இயந்திரத்தின் வேகம் கூடியே நின்றால் எரிபொருள் மிகை, அணையப்பார்த்தால் குறை, சற்றே கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியிலுள்ள நட்டைத் திருகித் திருகி அச்சரியை அடைந்தபோது, தந்தையின் காது மகனின் கண்ணைவிட விரைந்து தீர்ப்பளித்தது.

பயன் என்ன? இக்கேள்விக்கு நேர்மையான விடை, அதிகமில்லை என்பதே. ஹெடரின் நன்மை இயந்திரம் வேகமாய்ச் சுழலும்போதே தெளிவாய்த் தெரியும். குடாநாட்டின் ஒழுங்கைகளோ அவ்வளவு வேகத்தை அனுமதிப்பதில்லை. ஏறுவதற்கு ஒரு குன்றும் இங்கில்லை. ஏ-9 வீதியிலே ஆனையிறவைத் தாண்டிய நீண்ட வெளியில், கார் முன்னரைவிடச் சற்று மனமுவந்து ஓடியதென மகன் கூறினான்; அருகிருந்த தந்தை மறுக்கவில்லை. மறுபுறம், மார்கழி விடியலில் அது முன்னரைப்போல உடனே இயல்புக்கு வருவதில்லை. உள்வழியைச் சுடவைக்கும் இரும்பு இப்போது இல்லையல்லவா? சில நிமிடங்கள் இருமிய பின்னரே சீராகின்றது. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்தது எது என்பதை மகன் இன்று அறிவான். பொருத்தத் தொடங்கியபோது அவன் அதனை முழுமையாக அறிந்திருக்கவில்லை.

புதியதை விரும்பும் இளையோரைப் பழைமையை மறந்தோரென்றும், பழையதைக் காக்கும் முதியோரை முன்னேற்றத்துக்குத் தடையென்றும் கூறுவது எமது மேடைகளில் எளிதான வழக்காகிவிட்டது. அம்மகன் மறந்தவனல்லன், அவனுக்குச் சொல்லப்படவேயில்லை. அத்தந்தை தடையுமல்லர்; தாம் உயிர்தப்பிய வழியொன்றை யாரும் விசாரியாமல் கழற்றியெறிவதையே அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு காரின் மனிபோல்டைக் கழற்றும் வேலை இல்லாதிருந்தால், 1995ஆம் ஆண்டின் அவ்விரவு அந்த வீட்டிலே இன்னும் எத்தனை காலம் பேசப்படாதிருக்குமோ? இப்படிப் பேசப்படாத இரவுகள் எங்கள் வீடுகளில் எத்தனையோ உள. அவற்றைக் கேட்பதற்கென ஒரு நாளைக் குறித்து எவரும் உட்காருவதில்லை. கையில் ஒரு வேலை இருக்கும்போது, கண்கள் வேறெங்கோ நோக்கியிருக்கும்போது, அவை தாமாக வெளிவருகின்றன.

வார்ப்பிரும்புக் கூடு இரும்புக்காரனிடம் போகவில்லை. மகன் அதனைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் பூசி, சாக்கிலே சுற்றினான். அதற்குரிய நட்டுகளையும் பழைய வாசர்களையும் ஒரு பால்மாத் தகரத்திலிட்டு அதனோடு சேர்த்துக் கட்டினான். தந்தை தம் கணித ஆசிரியர்க் கையெழுத்தில் துண்டொன்று எழுதி அதில் ஒட்டினார். எந்த நட்டு எந்த இடத்துக்குரியது, எவ்வொழுங்கிலே இறுக்கவேண்டும், எந்தக் கஸ்கற் வேண்டும் என்பன அதில் இருந்தன. கடைசி வரியில், மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டு எழுதப்பட்டிருந்தது.